கோயிலில் இருக்கும் கோடரி

சின்னசேலத்தில் நின்று வடமேற்கே நோக்கினால் கல்வராயன் மலைத்தொடர் நீலமாய் நீண்டு கிடக்கும். அம்மலையின் சிற்றூர்களிலும், அதனை அடுத்த சேர்வராயன், சவ்வாது மலைகளிலும், மரத்தடிச் சிறு கோயில்களில் வழவழப்பான கற்கள் சில வைத்து வணங்கப்படுதலைக் காணலாம். உள்ளங்கையில் அடங்கும் அளவினவும் உண்டு. ஒரு சாண் நீளத்தினவும் உண்டு. ஒரு முனை குறுகிக் கூம்பியிருக்கும். மறுமுனை அகன்று, பிறை போல் வளைந்து, மெல்லிய அலகாய் முடியும். எண்ணெய் பூசிக் கருத்திருக்கும். சிலவற்றில் மஞ்சளும் குங்குமமும் துலங்கும். பிள்ளையார் என்றே பல இடங்களில் அவற்றுக்குப் பெயர்.

தொல்லியல் கற்றோர் அக்கல்லைக் கண்டவுடன் வேறொரு பெயர் சொல்வர். புதிய கற்காலத்துக் கற்கோடரி என்பர். இரண்டு பெயர்களும் ஒரே பொருளைக் குறிக்கின்றன. ஆயின் ஒன்றை மெய் என்றும் மற்றொன்றை அறியாமை என்றும் தள்ளிவிடுவது எளிதன்று, முறையுமன்று. பழங்கருவி ஒன்று கையிற் கிட்டும்போது நாம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. இது யாது? இஃது எதற்கு ஆயிற்று? இன்று இஃது எங்கே இருத்தல் வேண்டும்? முதல் வினாவோடு நின்றுவிடுவோரே நம்மிற் பலர். மூன்றுக்கும் விடை காண முயல்வதே கற்றவர் கடன் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

இயற்கையா, செயற்கையா?

ஆற்றுநீர் உருட்டிய கூழாங்கல்லும் வழவழப்பாகவே இருக்கும். கற்கருவியை அதனின்று பிரித்தறிவது எங்ஙனம்? கூழாங்கல் எல்லாப் பக்கமும் ஒரே தன்மையாய்த் தேய்ந்திருக்கும். நீருக்கு நோக்கம் இல்லை. மனிதன் ஆக்கிய கருவியிலோ நோக்கம் தெரியும். இரு பக்கத்துச் சரிவுகளும் ஒரு கோட்டில் வந்து கூடி அலகாகும். அலகுப்பகுதி மிகுதியாக மெருகேறியிருக்கும்; கூம்பிய பின்பகுதி பலவற்றிற் சொரசொரப்பாகவே விடப்பட்டிருக்கும். ஏனெனில் பின்பகுதி மரக்காம்பினுள் மறைந்து இறுகப் பிடிக்கவேண்டிய பகுதி. அங்கே மெருகு வீண். மெருகிட்டால் வழுக்கவும் செய்யும். செய்தவன் வேலையை எங்கே தொடங்கி எங்கே நிறுத்தினான் என்பதிலேயே அவன் கருத்து வெளிப்படுகின்றது.

ஆக்கிய முறையும் கல்லிலேயே எழுதப்பட்டுள்ளது. முதலில் டோலரைட் போன்ற கடினமான கரிய கல்லைச் செதுக்கி உருவம் காண்பர். அடுத்து, மற்றொரு கல்லாற் புள்ளி புள்ளியாய்க் கொத்தி மேடுபள்ளம் நீக்குவர். பின்னர்ப் பாறையின்மேல் நீரும் மணலும் இட்டுத் தேய்ப்பர். இறுதியாக அலகை மெருகேற்றுவர். தேய்த்த பாறைகளில் நீள்குழிகள் விழும். கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அத்தகைய தேய்ப்புக் குழிகளைத் தொல்லியலார் கண்டுள்ளனர். இக்குழிகளைப் பாண்டவர் செயலாகவோ முனிவர் செயலாகவோ கருதும் வழக்கம் நாட்டில் உண்டு. அவை உண்மையில் ஒரு பட்டறையின் தடங்கள். கோடரி கிட்டிய ஊரில் குழி விழுந்த பாறையும் உண்டா என்று தேடுவது அடுத்த படியாகும்.

பெயரில் நேரும் பிழை

நாளிதழ்கள் இத்தகைய கல்லைக் ‘கைக்கோடரி’ என்று எழுதிவிடுகின்றன. சொல் ஒன்று, அதனால் விளையும் பிழையோ இலக்கக்கணக்கான ஆண்டு. கைக்கோடரி என்பது பழைய கற்காலத்துக் கருவி. காம்பின்றிக் கையாலேயே பிடித்து ஆள்வது, செதுக்கிய வடுக்களோடு நிற்பது, மெருகு அறியாதது. சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்திற் கிடைத்த அத்தகைய கருவிகள் ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுகட்கு முந்தியவை என்று 2011இல் ஆய்வு முடிவு வெளியாயிற்று. மெருகேற்றிய கற்கோடரியோ உழவும் ஆடுமாடு வளர்ப்பும் தலைப்பட்ட காலத்தது. தென்னாட்டில் அக்காலம் ஏறத்தாழ கி.மு. 3000 தொட்டுத் தொடங்குவதாகக் கொள்வர். முன்னதைக் கையாண்டவர் நம்மைப் போன்ற மனித இனத்தவரே அல்லர். பின்னதைக் கையாண்டவர் பயிரிட்டவர், மண்கலம் வனைந்தவர். இருவரையும் ஒரு பெயரால் அழைப்பது தாத்தாவையும் பேரனையும் ஒருவராக்குவதினும் பெரிய குழப்பம்.

‘கோடரி’ என்ற பெயரிலும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தச்சர் இல்லங்களில் இருவகைக் கருவிகள் உண்டு. அலகு காம்பின் போக்கிலேயே அமைந்தது கோடரி. மரத்தை வீழ்த்தவும் பிளக்கவும் உதவுவது. அலகு காம்புக்குக் குறுக்கே, மண்வெட்டி போல் அமைந்தது வாச்சி. வீழ்த்திய மரத்தைச் செதுக்கிச் சமன் செய்ய உதவுவது. வாய்ச்சி என்று அகராதிகள் குறிப்பது இதனையே. கற்கருவிகளிலும் இவ்விரண்டும் உண்டு. அலகைக் கண்முன் நேராகப் பிடித்து நோக்குக. இரு பக்கமும் ஒத்துச் சரிந்து நடுவிற் கூர்மை விழுந்தால் அது கோடரியாதற்கு இடமுண்டு. ஒரு பக்கம் தட்டையாய், மறுபக்கம் மட்டும் சரிந்து வந்தால் அது வாச்சியாதல் கூடும். அலகு ஒடுங்கி நீண்டிருப்பின் உளி. இம்மூன்றையும் வேறுபடுத்தத் தமிழிற் சொல் இருக்க, அனைத்தையும் கற்கோடரி என்று ஒரே சொல்லால் முடிப்பது நம் மொழியின் வளத்தை நாமே மறப்பதாகும்.

சங்க நூல்களிற் பயிலும் நவியம், கணிச்சி, மழு ஆகிய சொற்களையும் குந்தாலி என்ற சொல்லையும் மாணவர் பொருள் எழுதி மனப்பாடம் செய்கின்றனர். ‘ஒருவகைப் படைக்கலம்’, ‘ஒருவகைக் கருவி’ என்ற உரையோடு அமைந்துவிடுகின்றனர். என்ன வகை, எப்பக்கம் அலகு, எவ்வளவு காம்பு என்று கேட்போர் அரியர். கருவியை அறியாதவன் கருவிச் சொல்லையும் அறியான். தமிழ்த்துறைக்கும் கற்கோடரிக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர்க்கு இதுவே விடையாகும்.

இடியின் கல்

இக்கற்களைக் கண்டு வியந்தவர் நம் மலைவாழ் மக்கள் மட்டும் அல்லர். உழும்போதும் மழை அரித்தபோதும் வெளிப்பட்ட இவற்றை வானத்திலிருந்து இடியோடு விழுந்தவை என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். மலாய் மக்கள் இவற்றைப் ‘பத்து லிந்தார்’, அஃதாவது இடிக்கல் என்றனர். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் இடித்தெய்வமாகிய சாங்கோவோடு இவற்றை இணைத்தனர். கடல்கள் இடைப்பட்ட மக்கள் ஒன்றுபோல் எண்ணியது வியப்பன்று. இரும்பைக் கையாளத் தொடங்கியபின் கற்கோடரியின் நினைவு எங்கும் அற்றுப்போயிற்று. செய்தவன் மறைந்தபின், செய்பொருள் தெய்வச்செயல் ஆயிற்று.

உரோமாபுரியில் வாழ்ந்த மிக்கேலே மெர்காத்தி என்னும் மருத்துவர், இவை இடியின் விளைவல்ல, இரும்பை அறியாத முன்னோர் செய்த கருவிகளே என்று 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். அவர் 1593இல் மறைந்தார். அவர் நூல் 1717இல்தான் அச்சேறியது. 1723இல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் தெ ழுசியே அமெரிக்கப் பழங்குடியினர் அக்காலத்தும் கையாண்டுவந்த கற்கருவிகளோடு ஒப்பிட்டு அதே முடிவை வலியுறுத்தினார். அறியாத கருவியை அறியும் வழியை அவர்கள் காட்டினர்: எங்கேனும் ஒருவர் கையில் அது இன்னும் உயிரோடு இருக்கின்றதா என்று தேடுவதே அவ்வழி.

நம் நாட்டில் இத்துறைக்குக் கால்கோள் இட்டவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். நிலவியல் ஆய்வுத்துறை அலுவலராகிய அவர், 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்துச் சரளைக் குழியருகே ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். பின்னர்த் தென்னாடெங்கும் திரட்டிய அவர்தம் தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இற் பெற்றது. சேர்வராயன் மலைக் கற்கோடரிகளும் அதனுள் அடங்கும். ஏற்காட்டில் வாழ்ந்த அவர் 1912இல் மறைந்தார். தமிழ் மாணவர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். ஒரே குடும்பத்தில் ஒருவர் மக்கள் நாவிற் கிடந்த பழமொழியைத் திரட்டினார். மற்றொருவர் மண்ணிற் கிடந்த பழங்கல்லைத் திரட்டினார். இரண்டும் ஒரே தொண்டின் இரு கிளைகள் எனலாம்.

பயனை அறியும் வழி

வடிவம் கொண்டு பெயரிட்டுவிடலாம். பயனை அறிய அதன்மேலும் சான்று வேண்டும். உருசிய அறிஞர் செர்கே செமெனோவ், கருவியின் அலகிற் படிந்த நுண்ணிய கீறல்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்து 1957இல் தம் நூலை வெளியிட்டார். கோடரியாகப் பயன்பட்ட கல்லில் கீறல்கள் இரு முகத்திலும் சாய்வாக அமையும். வாச்சியாகப் பயன்பட்டதிலோ ஒரு முகத்திலேயே மிகுந்து, அலகுக்குச் செங்குத்தாக அமையும் என்று அவர் காட்டினார். கை அசைந்த திசையைக் கல் மறக்கவில்லை.

1950களின் தொடக்கத்தில் டென்மார்க்கு நாட்டு ஆய்வாளர் பழங்கற்கோடரிகளுக்குக் காம்பு பூட்டித் திராவெட் என்னும் காட்டில் மரம் வெட்டிப் பார்த்தனர். இரும்புக் கோடரியை ஓங்குவதுபோல் தோளை வீசி வெட்டியபோது அலகு சிதைந்தது, காம்பு முறிந்தது. முழங்கையையும் மணிக்கட்டையும் கொண்டு குறுகிய விரைந்த வெட்டுகளாக வெட்டியபோது மரம் சாய்ந்தது. கருவி இருந்தும் கைப்பழக்கம் அழிந்துபோயிருந்தமையை அச்சோதனை உணர்த்திற்று. வெட்டிய மரத்தை எரித்து, அச்சாம்பலில் தானியம் விதைத்தும் பார்த்தனர். புனம் எரித்துத் தினை விதைக்கும் குறிஞ்சித்திணை வாழ்வைக் கற்பிக்கும் நமக்கு இஃது அயலான செய்தியன்று. திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1964 முதல் நடந்த அகழாய்வில் மெருகேற்றிய கற்கோடரிகளோடு கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. காடு திருத்திக் கழனி கண்ட கருவி இக்கற்கோடரி என்பதற்கு அஃது அழகிய சான்று.

எல்லாக் கருவியும் இவ்வாறு விடை தந்துவிடுவதில்லை. தென்னாட்டுப் புதிய கற்கால ஊர்களில், நடுவில் துளையிட்ட வட்டக் கற்களும் கிடைக்கின்றன. தண்டாயுதத்தின் தலை என்பர் சிலர். கிழங்கு அகழும் கோலுக்குக் கனமாகச் செருகியது என்பர் வேறு சிலர். தென்னாப்பிரிக்கச் சான் மக்கள் அவ்வாறே செருகி ஆண்டனர். போர்க்கருவியா, பெண்டிர் கிழங்கு அகழ்ந்த கருவியா என்பது சிறு வினாவன்று. ஒரு சமுதாயத்தின் முகமே அதனால் மாறும். ஐயம் உள்ள இடத்தில் ஐயத்தையே எழுதிவைப்பதுதான் நேர்மை.

எங்கே இருத்தல் வேண்டும்?

இனி மூன்றாம் வினாவுக்கு வருவோம். கோயிலில் இருக்கும் கோடரியை என்செய்வது?

அருங்காட்சியகத்துக்கே எடுத்துச் செல்லவேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. அங்கே காவல் உண்டு, ஆய்வும் எளிது. எண்ணெய்ப் படலம் நுண்கீறல்களை மறைத்துவிடுகின்றது என்று அவர் சொல்வதும் மெய்யே. திருப்பணி என்ற பெயரில் மரத்தடிக் கோயில்களைச் சிமெந்தும் பளிங்கு ஓடும் கொண்டு புதுக்கும்போது பழங்கற்கள் சுவரினுள் புதைவதும், புதுச் சிலை வந்தபின் புறத்தே எறியப்படுவதும் நேரக்கூடியனவே.

ஆயினும் வழிபாட்டில் இருக்கும் கல்லைப் பெயர்த்தெடுத்தல் தகாது என்பதே என் துணிபு. காரணங்கள் இரண்டு. முதலாவது, அது மக்களின் உரிமை. கல்வராயன் மலையாளிகள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் என்பது அவர்தம் மரபுரை. அம்மரபுரையின்படி நோக்கினால், அக்கற்களைச் செய்தவர் அவர்கள் அல்லர், கண்டெடுத்துக் காத்தவர்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் போற்றி வைத்திராவிடின் அக்கற்களிற் பல சரளையோடு சரளையாய்ப் போயிருக்கும். காத்தவன் கையிலிருந்து பறித்துக் காப்பதாகச் சொல்வது அறமாகாது.

இரண்டாவது, அக்கல்லுக்கு வரலாறு இரண்டு. மரம் வெட்டிய வரலாறு ஒன்று. வணங்கப்பட்ட வரலாறு மற்றொன்று. முதற்பயனே மெய்ப்பயன், பிற்பயன் பிழை என்று கருதுவது கருவியின் வாழ்நாளைப் பாதியாக வெட்டுவதாகும். சொற்களும் அவ்வாறே அல்லவோ? ‘நாற்றம்’ என்பது ஒருகால் நறுமணத்தைக் குறித்தது. இன்று வேறு குறிக்கின்றது. முதற்பொருளைக் கற்பிக்கும் நாம் இன்றைய வழக்கை அழித்துவிடுவதில்லை. சொல்லுக்குக் காட்டும் அந்நேர்மையைக் கல்லுக்கும் காட்டுவோமாக.

அப்படியாயின் களவு போகாதோ என்பர். பதிவே காவல் என்பேன். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிற் களவுபோன நடராசர் திருமேனி 2014இல் ஆசுத்திரேலியாவிலிருந்து மீண்டது. அது நம்முடையதே என்று காட்டுதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எடுத்துவைத்திருந்த பழைய ஒளிப்படங்கள் துணைநின்றன. பூட்டு காக்கத் தவறியதைப் படம் மீட்டுத்தந்தது. பதிவில்லாத கல் களவுபோனால், களவுபோயிற்று என்று சொல்வதற்கும் வழியில்லை.

வழிபாட்டில் இல்லாது வயலிலும் ஓடையிலும் கிடைக்கும் கல்லின் நிலை வேறு. அதனை வருவாய்த்துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவித்தல் வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டமும், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இவ்வகையில் நினைவிற் கொள்ளத்தக்கன. நூறாண்டு கடந்த தொல்பொருளை உரிமமின்றி வணிகம் செய்தலும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதலும் குற்றமாகும். சேலத்திலும் கடலூரிலும் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. 2006இல் மயிலாடுதுறையை அடுத்த செம்பியன் கண்டியூரில், பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் தோட்டத்திற் கன்று நடக் குழி தோண்டியபோது இரு கற்கோடரிகளைக் கண்டார். தொல்லியல் துறையிலிருந்த நண்பரிடம் ஒப்படைத்தார். ஒன்றில் இருந்த குறிகள் சிந்துவெளி எழுத்துகளே என்றார் ஐராவதம் மகாதேவன். அதனை ஏற்காத அறிஞரும் உளர். வழக்கு முடியாவிடினும், வழக்கு நடப்பதற்கேனும் கல் இருக்கின்றது. அதற்கு அவ்வாசிரியரின் பொறுப்புணர்வே காரணம்.

கிடைத்த இடம் இன்றியமையாதது. 2025 சனவரியில் வெளியான தமிழகத் தொல்லியல் துறையின் அறிக்கை, சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகக் கூறுகின்றது. அவ்வாறாயின் கல்லும் இரும்பும் ஒரே காலத்து அருகருகே வழங்கினவா, மலையிற் கல்லும் சமவெளியில் இரும்புமாய் இருந்தனவா என்ற வினாக்கள் எழுகின்றன. எந்தக் கல் எந்த ஊரில், எந்த ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்ற குறிப்பு இருந்தாலன்றி அவற்றுக்கு விடையில்லை. இடம் அறியாத கோடரி முகவரி கிழிந்த மடல். கையில் இருக்கும், யாருக்குரியது என்று தெரியாது.

மாணவர்க்கு ஒரு பணி

நம் மாணவருட் பலர் சின்னசேலம், கள்ளக்குறிச்சி, கச்சிராயப்பாளையம் பகுதிச் சிற்றூர்களிலிருந்தும் மலையூர்களிலிருந்தும் வருவோர். பல்கலைக்கழகத்துப் பேராய்வாளர் ஒருமுறை வந்து செல்லும் ஊருக்கு இவர்கள் நாள்தோறும் திரும்புகின்றனர். ஆகவே இப்பணிக்கு இவர்களே உரியர்.

செய்யவேண்டியன மிகப் பெரியன அல்ல. கல்லைத் தேய்க்காமல், கழுவாமல், கோயிலாயின் ஊரார் இசைவு பெற்று, அருகே ஓர் அளவுகோல் வைத்து ஒளிப்படம் எடுக்கவேண்டும். முகப்பு, பக்கவாட்டு, அலகு ஆகிய மூன்று நிலையிலும் எடுத்தல் நலம். நீளம், அகலம், கனம் குறிக்கவேண்டும். ஊர், கோயில், கண்டெடுத்த இடம் எழுதவேண்டும். இறுதியாக, அவ்வூர் முதியோர் அக்கல்லை எப்பெயரால் அழைக்கின்றனர், அது வந்த கதையை எங்ஙனம் கூறுகின்றனர் என்பதை அவர்தம் சொல்லிலேயே எழுதவேண்டும். கடைசிப் பகுதியே தமிழ்த்துறைக்கு உரிய தனிப்பணி. அளவை எவரும் பிறிதொரு நாள் எடுக்கலாம். முதியோர் சொல் அவரோடு போய்விடும்.

கல்லோடு நிற்கவேண்டுவதில்லை. வீட்டுப் பரணில் துருவேறிக் கிடக்கும் எழுத்தாணி, கவலை இறைத்த கிணற்றின் உருளை, தச்சரின் பழைய வாச்சி ஆகியனவும் இவ்வரிசையிற் சேர்வனவே. அவற்றைக் கையாண்டவர் சிலரேனும் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய கோடரியின் பயனை அறிய டென்மார்க்கில் காட்டையே வெட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. நம் பாட்டனார் கருவியின் பயனை அறிய அவர் திண்ணையில் அரைநாழிகை அமர்ந்தாற் போதும். அவ்வரைநாழிகையையும் நாம் செலவிடாவிட்டால், நாளை நம் பெயரன் அந்த எழுத்தாணியை எடுத்து, இஃது எதற்கு ஆயிற்று என்று வினவுவான். விடை கூறுவதற்கு ஊரில் ஒருவரும் இரார்.